மதுரை கண்டவர் மாலியும் கண்டார்



அடி அண்ணாமலையில் வாழும் எங்களுக்கு வல்லாள மகாராஜா அயலவர் அல்லர். திருவண்ணாமலைத் திருக்கோயிலில் வல்லாள கோபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மகப்பேறில்லா அம்மன்னருக்கு அண்ணாமலையாரே மகனாயினார் என்பது எம் பக்கத்து ஐதிகம். மாசி மகத்தன்று இறைவன் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவருக்குத் திதி கொடுக்கும் சடங்கு இன்றும் நடைபெறுகின்றது. சரித்திரப்படி அம்மன்னருக்கு மைந்தர் உண்டு. அது வேறு செய்தி.

சரித்திரம் அவரைப் போசள வேந்தர் மூன்றாம் வீர வல்லாளர் என்று குறிக்கும். வடபுலப் படைகளால் துவாரசமுத்திரம் சிதைந்தபின், திருவண்ணாமலையைத் தம் தலைநகராகக் கொண்டவர். 1342இல் மதுரை சுல்தானோடு நிகழ்ந்த போரில் சிறைப்பட்டு, முதுமையில் கொலையுண்டார். அவருடைய தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தம் கண்ணாற் கண்டதாக ஒருவர் எழுதி வைத்துள்ளார். அவர் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. மதுரை சுல்தான் கியாசுத்தீனுக்கு அவர் சகலை முறையினர். ஆதலின் அரண்மனையில் அவருக்கு அடையாத கதவு.

நம் சரித்திர ஆசிரியர்கள் இச்சாட்சியை ஏற்றுக்கொண்டு நூல் எழுதினர். இதே மனிதர், பத்தாண்டுகள் கழித்து, 1352இல் சகாராப் பாலைவனத்தைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசுக்குச் சென்றார். அங்குக் கண்டதையும் எழுதினார். அப்பகுதியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கின்றோம்? மாணவப் பருவத்தில் யான் பயின்ற பாடநூலில் ஆப்பிரிக்காவுக்கு 'இருண்ட கண்டம்' என்று பெயர். ஐரோப்பியர் காலடி வைத்த நாளில்தான் அங்குச் சரித்திரமே தொடங்கிற்று என்பது போல அந்நூல் பேசிற்று.

மாலிப் பேரரசு 1235ஆம் ஆண்டளவில் சுந்தியாதா என்னும் தலைவர் கிரினாப் போரில் பெற்ற வெற்றியால் எழுந்தது. தெற்கே பொன் விளைந்தது. வடக்கே பாலையில் உப்பு விளைந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழிகள் மாலி மன்னர் கையில் இருந்தன. கடற்கரை நாட்டவராகிய நமக்கு உப்பின் அருமை எளிதிற் புலப்படாது. தகாசா என்னும் சுரங்க ஊரில் வீடுகளே உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரை ஒட்டகத் தோல். ஒரு சுமை உப்பு, பாலையின் தென்கரையில் உள்ள வாலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கு விற்றது. மாலித் தலைநகரில் அதுவே 20 முதல் 30 மிஸ்கால், சில வேளை 40. இவ்விலைகளை நமக்குச் சொன்னவரும் இப்னு பதூதாவே.

இப்பேரரசின் மன்னர் மன்சா மூசா 1324இல் மக்கா யாத்திரை செல்லும் வழியில் கெய்ரோ நகரில் அள்ளி வழங்கிய பொன்னால், அந்நகரில் பொன் விலையே வீழ்ந்தது. 1375இல் வரையப்பட்ட கட்டலான் நிலப்படத்தில், பொற்கட்டியைக் கையிலேந்தி அவர் வீற்றிருக்கும் உருவைக் காணலாம்.

நம் யாத்திரிகர் சென்றபோது அரசாண்டவர் மூசாவின் தம்பி சுலைமான். மன்னரிடமிருந்து விருந்தாளிக்குப் பரிசு வருகிறது என்றார்கள். பட்டாடையும் பொற்காசும் வரும் என்று எழுந்து நின்றார் இப்னு பதூதா. வந்தவை மூன்று ரொட்டி, ஒரு துண்டு இறைச்சி, ஒரு சுரைக்குடுவைத் தயிர்! வாய்விட்டுச் சிரித்ததாக எழுதுகின்றார். பின்னர் அவையில் மன்னரிடமே குறை சொல்லி, வீடும் பொருளும் பெற்றார். அந்நாட்டுப் பெண்டிரின் உடையும் அவருக்குப் பிடிக்கவில்லை. இத்துணைக் குறை கூறுபவரை முகத்துதியாளர் என்று எவரும் ஐயுற மாட்டார். அவர்தாம் எழுதுகின்றார்: அங்கு அநீதி மிகக் குறைவு, வழிப்போக்கன் கள்வருக்கு அஞ்ச வேண்டியதில்லை, அந்நிய வணிகன் அங்கு இறந்தால் அவன் பொருளை எவரும் தொடுவதில்லை, உரியவர் வரும்வரை நம்பத்தக்க ஒருவரிடம் வைத்திருப்பர். வாலாத்தாவில் தந்தையின் சொத்து மகனுக்கன்றிச் சகோதரியின் மகனுக்குச் செல்வதைக் கண்டு வியந்த அவர், இவ்வழக்கத்தைத் தாம் வேறெங்கும் காணவில்லை, மலையாளக் கரையில் மட்டுமே கண்டதுண்டு என்கின்றார்.

மாலியைப் பொன்னுலகமாக்கி உங்களிடம் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. தகாசாவில் உப்பு வெட்டியவர்கள் அடிமைகள். இப்னு பதூதா ஊர் திரும்பிய வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தனர். அதை அவர் வருத்தமின்றியே குறிக்கின்றார். மதுரை மதிலைப் பற்றிய செய்தியை ஏற்பவர் இவ்விரண்டையும் ஏற்க வேண்டும். மாலியின் நீதியையும் ஏற்க வேண்டும். ஒரே சாட்சியை ஓரிடத்தில் நம்பி மற்றோரிடத்தில் ஒதுக்குவது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

மாலி தளர்ந்தபின் சொங்காய்ப் பேரரசு ஓங்கியது. 1591இல் மொராக்கோவின் துப்பாக்கிப் படை அதனைத் தொந்திபியில் முறியடித்தது. திம்பக்டு நகரின் பேரறிஞர் அகமது பாபாவை விலங்கிட்டு மராக்கேசுக்குக் கொண்டு சென்றனர். ஆயினும் அந்நகரத்து வீடுகளில் சட்டம், வானநூல், மருத்துவம் பற்றிய கையெழுத்துச் சுவடிகள், நம் பக்கத்துப் பரணில் ஏடுகள் கிடந்தது போலவே, தலைமுறை தலைமுறையாய்க் காக்கப்பட்டன. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றியபோது, ஊரார் அச்சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடுக்கி, வண்டியிலும் படகிலும் மறைத்துத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திச் சென்றனர். அவற்றுள் பெரும்பகுதி இன்னும் அச்சேறவில்லை.