மொன்ரிவிடியோ நகரின் முரசொலி

தென்னமெரிக்காவின் காணிவல் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது பிரேசில் நாட்டு றியோ நகரமே. ஆயின், அதற்குத் தெற்கே உருகுவே நாட்டின் தலைநகராகிய மொன்ரிவிடியோவிலும் ஒரு காணிவல் உண்டு. ஏறக்குறைய நாற்பது நாட்கள் நீளும் அவ்விழாவின் உயிர்நாடி, 'ஷமாதாஸ்' என வழங்கும் முரசு ஊர்வலமாகும். 'அழைப்புக்கள்' என்பது அச்சொல்லின் பொருள்.

அழைத்தவர் யார்? அழைக்கப்பட்டவர் யார்? ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் இத்துறைமுகத்தில் இறக்கப்பட்டனர். 1842ஆம் ஆண்டில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள், கடலோரத்துப் பரியோ சூர், பலெர்மோ என்னும் பகுதிகளில், ஒரு முற்றத்தைச் சூழப் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் தொடர்மனைகளிற் குடியிருந்தனர். ஒரு மனையின் முரசு முழங்கினால், அடுத்த மனையின் முரசுகாரர் வெளிவந்து அவர்களோடு கூடுவர். அதுவே அழைப்பு.

அவர்தம் இசைக்குக் கந்தோம்பே என்று பெயர். அதற்குரிய முரசுகள் மூன்று. சிறியதாகிய சீக்கோ மாறாத தாளத்தைத் தாங்கி நிற்கும். இடைத்தரமான றெப்பீக்கே இடையிடையே புதுப்புது வீச்சுக்களைத் தொடுக்கும். பெரியதாகிய பியானோ அடித்தளமாய் அதிரும். தோளில் வாரினால் தொங்கவிட்டு, ஒரு கையிற் கோலும் மறுகை வெறுங்கையுமாக இவற்றை முழக்குவர். புறப்படுமுன் தெருவோரத்தில் நெருப்பு மூட்டி, முரசின் தோலை அனலிற் காய்ச்சி இறுக்குவது பழைய வழக்கம். பறையை அனலில் வாட்டும் தமிழருக்கு இது விந்தையன்று. திருகாணியால் தோலை இறுக்கும் முரசுகள் வந்த பின்னரும் அந்நெருப்பு அணைந்துவிடவில்லை. அதனைச் சூழ்ந்தே சுற்றமும் நட்பும் கூடுகின்றன.

1956ஆம் ஆண்டு முதல் இவ்வூர்வலம் நகரத்தின் அதிகார பூர்வமான விழாவாயிற்று. அங்கே பெப்ரவரி கோடைகாலம். இஸ்லா டி புளோரஸ் வீதியின் மாடிகளிலும் கூரைகளிலும் மக்கள் திரண்டிருக்க, குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்னே பெருங்கொடிகள் வீசியாடும். விசிறியும் குடையும் ஏந்திய மூதாட்டி வருவாள். தாடியும் கைத்தடியுமாய் உடல் நடுங்க ஆடும் மூலிகை வைத்தியர் அவளோடு இணைவார். சிறு துடைப்பத்தைச் சுழற்றி வித்தை காட்டுபவரும் வருவார். இறுதியிலே முரசுப்படை வரும். அவ்வதிர்வு காதுக்கு எட்டுமுன் நெஞ்சுக்கு எட்டிவிடும்.

எனினும், இம்மகிழ்ச்சியின் அடியில் ஒரு துயரம் உறைகின்றது. இராணுவ ஆட்சி நிலவிய 1978ஆம் ஆண்டில், 'பாதி உலகம்' எனப் பொருள்படும் மெதியோ முந்தோ என்ற புகழ்பெற்ற தொடர்மனையிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர், கட்டடமும் இடிக்கப்பட்டது. வெளியேறுமுன், டிசம்பர் 3ஆம் நாள், அவர்கள் இறுதி முறையாக அம்முற்றத்தில் முரசு முழக்கினர். அன்சீனா என்ற அயற்குடியிருப்பினரும் அவ்வாறே அகற்றப்பட்டனர். குடும்பங்கள் நகரின் பல மூலைகளுக்குச் சிதறின.

மனையை இடித்தவர்களால் தாளத்தை இடிக்க இயலவில்லை. சிதறியோர் சென்ற இடமெல்லாம் முரசும் சென்றது. புதிய பகுதிகளிலும் குழுக்கள் தோன்றின. தத்தம் குடியிருப்புக்குரிய தாள மரபை இன்றும் அவர்கள் வேறுபிரித்துப் பேணுகின்றனர். 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதே டிசம்பர் 3ஆம் நாளைக் கந்தோம்பேயின் தேசிய தினமாக்கியது. 2009இல் யுனெஸ்கோவும் இக்கலையை மானிட மரபுரிமையாக ஏற்றது. ஆயினும் கலைக்குக் கிடைத்த பெருமை, இழந்த வீட்டுக்கு ஈடாகுமா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

ஆகவே, அந்நகருக்குச் செல்வோர் பரிசுப் போட்டியாக நடைபெறும் பெப்ரவரி ஊர்வலத்தை மட்டும் கண்டு திரும்புதல் போதாது. காணிவல் முடிந்த பின்னரும் ஞாயிறு மாலைகளில் அத்தெருக்களில் நெருப்பு மூட்டப்படும். அங்கே நடுவருமில்லை, நுழைவுச் சீட்டுமில்லை. முதியோர் வாயிலில் அமர்ந்திருப்பர். சிறுவர் முரசுகாரரின் கைகளை உற்று நோக்கியபடி உடன் நடப்பர். அயலாரும் அவர்களைப் பின்தொடர்ந்து நடக்கலாம். ஒரு மனை மற்றொரு மனையை அழைத்த அந்தப் பழைய அழைப்பு, அங்கேதான் தெளிவாகக் கேட்கும்.