கசிவின் காரணம்
(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த ஸ்தோத்திரக் கூடுகையில் அளித்த செய்தியின் சுருக்கம்)



பழவேற்காடு ஏரியின் தீவுக் கிராமங்களுக்கு எங்கள் மருத்துவக் குழு போய்வரும் படகை உங்களில் பலர் அறிவீர்கள். அது உங்கள் காணிக்கையால் வந்தது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அதன் டீசல் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருக்கக் கண்டோம். "இப்படிக் கவனிக்காமல் விடலாமா தம்பி?" என்று படகோட்டியைக் கடிந்துகொண்டோம். அவர் தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் மெக்கானிக் பெரியவர் ஒருவர் வந்தார். பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, மாற்றுங்கள் என்றோம். அதற்குக் கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும். படகு பல நாள் கரையில் நிற்கும். தீவிலோ இன்சுலினுக்காக நோயாளிகள் காத்திருந்தார்கள்.

பெரியவர் அவசரப்படவில்லை. இன்ஜினை நன்றாகத் துடைத்தார். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, அடியில் வெள்ளைத் தாள் விரித்து, கால் மணி நேரம் ஓடவிட்டார். சீல் பக்கம்தான் ஈரம் தெரிந்தது. "பார்த்தீர்களா?" என்றோம். அவர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து காற்று குப்பென்று அடித்தது.

"ஐயா, எண்ணெய் தெரியுற இடம் இது. குத்தம் இருக்குற இடம் வேற" என்று சொல்லி, பிரீத்தர் குழாயைக் கழற்றிக் காட்டினார். கசடு ஏறி அடைத்திருந்தது. எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்குமாம். அது வெளியேறும் வழி அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைப் பலவீனமான இடத்தின் வழியே தள்ளிவிடும். குழாயைக் கழுவி மாட்டி, மறுபடியும் பவுடர் தூவி ஓட்டினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. தேங்கிய எண்ணெயை ஏரியில் இறைக்காமல் பழந்துணியால் ஒற்றி எடுக்கச் சொன்னார். அந்த ஏரியின் மீனும் இறாலும்தானே அம்மக்களின் பிழைப்பு!

அன்று மாலை தம்பி சொன்னார்: "மூணு வாரமா என் காசுல ஆயில் வாங்கி ஊத்துனேன் ஐயா. செலவுன்னு சொன்னா படகையே நிறுத்திடுவீங்களோன்னு பயந்தேன்."

ஊழியர் கூட்டத்தில் செலவைக் குறையுங்கள் என்று கண்டிப்பாய்ப் பேசியவர்கள் நாங்களே. அடைபட்டது குழாய் மட்டுமல்ல. அவர் வாயை அடைத்தவர்கள் நாங்கள்.

சீலோவில் மனங்கசந்து ஜெபித்த அன்னாளை, குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான் ஆசாரியனாகிய ஏலி. இத்தனை ஆண்டு ஊழியத்துக்குப் பின்னும் நாங்கள் ஏலியைப் போலவே நடந்துகொண்டோம். வார்டில் செவிலியரிடம் எரிந்து விழும் தகப்பனுக்குள்ளும் சொல்ல வழியில்லாத பயம் ஒன்று இருக்கலாம். அவரைத் திருத்துமுன், அருகில் உட்கார்ந்து கேட்போமாக.

தம்பியின் எண்ணெய்க் காசைத் திருப்பிக் கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். மறுநாள் விடியற்காலை இன்சுலின் பெட்டியோடு படகு புறப்பட்டது.