குருதியில் அலையும் புற்றுக் கலங்கள்

1869ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியாவில் தோமஸ் அஷ்வேர்த் என்னும் வைத்தியர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் கால் நாளத்திலிருந்து எடுத்த குருதியை நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். இறந்தவரின் உடலிலே பல கட்டிகள் இருந்தன. அக்கட்டிகளின் கலங்களை ஒத்த கலங்களே குருதியிலுங் காணப்பட்டன. ஒரே உடலிற் பல கட்டிகள் தோன்றுவது எவ்வாறு என்பதற்கு இது விளக்கந் தரக்கூடும் என்று அவர் எழுதினார். ஆயினும், அக்காட்சி வைத்தியசாலைக்குரிய ஒரு சோதனையாக உருப்பெற நூறாண்டுக்கு மேற் சென்றது.

ஏனெனில், இக்கலங்கள் மிக அரியன. ஏழரை மில்லிலீற்றர் குருதியில், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டியளவில், செங்குழியங்கள் 3,000 கோடிக்கு மேல் உண்டு. வெண்குழியங்களுஞ் சில கோடி. அவற்றிடையே புற்றுக் கலம் ஒன்றோ இரண்டோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடற்கரை மணலிலே கடுகு தேடும் வேலைதான். 2004இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முறையோ காந்தத்தைத் துணைக்கொண்டது. நுண்ணிய இரும்புத் துகள்களிற் பிறபொருளெதிரிகளைப் பூசிக் குருதியில் இடுவர். அவை புற்றுக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ள, காந்தம் அக்கலத்தை இழுத்தெடுக்கும்.

முதலில் மார்புப் புற்றுக்கே இச்சோதனை பயன்பட்டது. 2010இல் யப்பானிய வைத்தியர்கள், முற்றிய இரைப்பைப் புற்றுடையோரிடம் இதனைச் செய்து பார்த்தனர். மருந்து தொடங்கி இரண்டாம், நான்காம் வாரங்களில் நான்கு கலங்களோ அதற்கு மேலோ காணப்பட்டோரிடம் நோய் விரைந்து வளர்ந்தது, ஆயுளுங் குறுகியது. கட்டி சுருங்கிற்றா என்பதைப் படம்பிடித்து அறிய வழக்கமாகப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்தால், இதன் பெறுமதி புலனாகும்.

ஆனால், இரைப்பை எளிதில் வசப்படும் உறுப்பன்று. அதன் குருதி முதலில் ஈரலுக்கே செல்கிறது. பல கலங்கள் அங்கே தங்கிவிட, கை நாளத்திற்கு வருபவை சிலவே. வயிற்றறையின் உட்சவ்விற் பரவும் நோயோ குருதியை நாடாமலே பரவக்கூடியது. மேலும், இடம்பெயரும் கலங்களுட் சில, துகள்கள் பற்றவேண்டிய புரதத்தையே இழந்து காந்தத்துக்குத் தப்பிவிடுகின்றன. ஆகவே, ஒன்றுங் கிடைக்கவில்லை என்ற முடிவை நோயில்லை என்று கொள்ளலாகாது.

முன்கூட்டி அறிந்தால் நோயாளிக்கு என்ன பயன்? வினா இதுவே. மார்புப் புற்றில் இது சோதிக்கப்பட்டது. கலங்களின் தொகை குறையாதோருக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்தனர். 2014இல் வெளியான முடிவு ஏமாற்றந் தந்தது: மாற்றியதனால் ஆயுள் நீளவில்லை. இரைப்பைப் புற்றிலும் இவ்வெண்ணிக்கையைக் கொண்டு மட்டுஞ் சிகிச்சையை மாற்றும் வழக்கம் இல்லை. இப்பொழுது ஆய்வாளர், எண்ணுவதோடு நில்லாது, பிடிபட்ட கலத்தில் ஹேர்-2 என்னும் புரதம் உண்டா என்றும் நோக்குகின்றனர். அப்புரதம் மிகுந்த இரைப்பைப் புற்றுக்கு அதனையே குறிவைக்கும் திரஸ்துசுமாப் என்ற மருந்து உண்டு.