எழுத்தில் தடுமாறும் கெட்டிக்காரர்



உருத்திரபுரத்துப் பிள்ளையொன்று அறிவியல் நகர்ப் பொறியியற் பீடத்துக்குப் போனால் ஊரே மகிழ்கிறது. அங்கே புத்தகத்தை வாசிக்கத் தடுமாறினாலோ, ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுகிறோம்.

1896 இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர் 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றி எழுதினார். அவன் 749 ஐ 867 ஆல் விரைவாகப் பெருக்கினான். தன் பெயரையோ பிழையாக எழுதினான். டிஸ்லெக்சியா என்பது இதுதான். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் இடர்; அறிவுக் குறைவன்று. வளர்ந்தபின்னும் முற்றாக நீங்குவதில்லை. ஆகவே பல்கலைக்கழகத்திலும் சோதனைக்கு மேலதிக நேரம் வேண்டும். விரிவுரையை ஒலிப்பதிவு செய்ய அனுமதி வேண்டும். இந்தியா 2016 இல் இவ்விடரைச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது.

இவற்றைக் கேட்க வெட்கப்பட்டே படிப்பை விட்டுவிடும் பிள்ளையும் உண்டு. விடுமுறைக்கு வருவோருக்கு நம் மண்டபத்தில் பாடத்தை உரத்து வாசித்துக் கொடுக்க நால்வர் முன்வருவீர்களா?