நாலு வீதியும் ஒரு தோடியும்

நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற இளைஞர்களே, மேடைக்குப் பின்புறம் சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் மேளக்காரர்களே!

"அந்தக் காலத்து நாயன செட்டுக்கு இந்தக் காலத்து செட் ஈடாகுமா?" இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. ஆகவே ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் என் வயதுக்காரர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் பேசப்போகிறேன்.

இந்தக் காரைக்காலில் இப்படி ஒரு கேள்வி எழுவது பொருத்தம்தான். அரசலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் திருமருகல். நாயன வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்த ஊர் அது. வடக்கே கடலோரமாகப் போய்த் திரும்பினால் செம்பனார்கோயில். ரக்தி மேளம் என்றாலே அந்த ஊர்ப் பெயர்தான் முதலில் வாயில் வரும். மேற்கே திருவீழிமிழலை. சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் இரண்டு நாயனத்தை ஒரே மூச்சாக ஊதிய ஊர். நம்மை பிரெஞ்சுக்காரர் ஆண்டார்கள், சுற்றியிருந்த தஞ்சை ஜில்லாவை இங்கிலீஷ்காரர் ஆண்டார்கள். ஆனாலும் மேளச் சத்தத்துக்கு எல்லைச் சாவடியில் யாரும் சுங்கம் கேட்டதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது ராத்திரிப் புறப்பாடு என்றால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துவிடுவார்கள். பாட்டி படுத்திருப்பாள். கண்ணைத் திறக்கமாட்டாள். மேளம் எங்கோ தூரத்தில் கேட்கும். "சாமி இன்னும் தெற்கு வீதி மூலையிலேதான் நிக்குது, ராகமே முடியலையே" என்பாள். பல்லக்கைத் தாங்குக்கட்டையில் நிறுத்திவிட்டு, தீவட்டி வெளிச்சத்தில் ஒரு மனிதர் நின்ற இடத்தில் நின்றபடி முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆலாபனை செய்வார். எண்ணெய் ஊற்றுகிறவர் தீவட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோள்துண்டை மடித்துத் தரையில் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சாமியே நின்று கேட்கிறபோது நமக்கென்ன அவசரம் என்று ஊர் முழுக்க ஒரு நினைப்பு இருந்தது. நாலு வீதி சுற்றி வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என் பதில், இந்த நாலு வீதியிலிருந்து வந்தது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை எதையாவது வாசித்தே ஆகவேண்டும். நேற்று வாசித்ததையே இன்றும் வாசித்தால் மூலைக்கு மூலை நிற்கிற ரசிகன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பக்கத்தில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் இருக்கிறது, அது சும்மா விடாது. அந்த நெருக்கடியில்தான் ராகம் புதுப்புது வாசலைத் திறந்தது. தனியாக வீட்டில் உட்கார்ந்து செய்யும் சாதகம் விரலைப் பழக்கும். ஊர் விழித்திருக்கும் இரவுதான் கற்பனையைப் பழக்கும்.

நம் பிள்ளை ஒருவன், கிட்டார் வாசிக்கிறவன், போன வாரம் கடற்கரைச் சாலையில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். "ஐயா, எங்க பக்கத்திலேயும் இதே சண்டைதான். பீட்டில்ஸ் மாதிரி, லெட் செப்பலின் மாதிரி இனிமே ஒரு ராக் குழு வராதுன்னு பெரியவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றான். சரி, அந்த பீட்டில்ஸ் எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு எங்கள் தெற்கு வீதி ஞாபகம் வந்துவிட்டது. லிவர்பூல் பையன்கள் 1960இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகிறார்கள். அங்கே மாலுமிகள் குடிக்க வரும் விடுதிகளில் வாசிப்பு. ஓர் இரவுக்கு நாலு மணி, ஐந்து மணி நேரம், வாரம் முழுக்க, மாதக்கணக்கில். தெரிந்த பாட்டெல்லாம் முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துபோயிருக்கும். பிறகு என்ன செய்வது? ஒரே பாட்டை இழுக்கவேண்டும், வளர்க்கவேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அடுத்த அடியைக் கண்டுபிடிக்கவேண்டும். இரண்டு வருஷம் போய்வந்து அப்படி வாசித்தவர்கள்தான் பிறகு உலகத்தைப் பிடித்தார்கள்.

அந்தக் கதையின் மறுபாதியைக் கேளுங்கள். 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குள் கச்சேரி அரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்கள் காதிலேயே விழவில்லை. கூட்டம் இருந்தது, கேட்பவர்தான் இல்லை. பெரும்பாலும் அதே பையன்கள், அதே விரல்கள். கேட்கும் இரவு அவர்களை வளர்த்தது, கேட்காத கூட்டம் அவர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். நல்ல செட் வைத்திருந்தோம். ஊஞ்சல் முடிந்து முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. நாயனக்காரர் கல்யாணியை எடுத்தார். இளம் வயதுதான், ஆனால் அவர் அந்த ராகத்துக்குள் நுழைந்த விதத்திலேயே தெரிந்தது, இன்று இவர் எங்கேயோ போகப்போகிறார் என்று. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டார் யாரோ ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்கள், இன்ன சினிமாப் பாட்டு வாசிக்கவும் என்று. அவர் கண்ணை மூடியிருந்தார். சீட்டைக் கையில் வைத்திருந்தவர் அவரைத் தொட்டு எழுப்பித்தான் கொடுக்கவேண்டியிருந்தது. அவர் படித்தார், நாயனத்தைக் கீழே இறக்கினார், சீவாளியைத் துடைத்தார், கேட்ட பாட்டை வாசித்தார். அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இந்தத் தலைப்பு வந்தபோது அந்த முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

அன்று அந்தக் கல்யாணி எங்கே போயிருக்கும்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாமலே போய்விட்டது. அப்படி வருஷத்துக்கு எத்தனை முகூர்த்தம், எத்தனை கல்யாணி, எத்தனை சீட்டு! இதையெல்லாம் செய்துவிட்டு, இப்போதெல்லாம் யார் அப்படி வாசிக்கிறார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறோம்.

ஒப்பிடுவதற்கு நம் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷத்துக்கு மேல் தாங்காது. மணிக்கணக்கில் வாசித்த மனிதரை அதற்குள் அடைத்தார்கள். அதற்கே உலகம் மயங்கியது. மீதியெல்லாம் நம் அப்பாவும் தாத்தாவும் சொன்ன நினைவு. நினைவில் சுருதி விலகாது, சீவாளி பிளக்காது. அதோடு போட்டி போட எந்த உயிருள்ள மனிதனாலும் முடியாது. ஒரு மேளக்காரரை இன்னொரு மேளக்காரரோடு ஒப்பிடலாம். நம் ஏக்கத்தோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

பழையது பழையபடியே இருந்தது என்பதும் தவறு. ராஜரத்தினம் பிள்ளைக்கு முன் ஊதியது திமிரி. குட்டையான நாயனம், உச்சமான சுருதி. அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்து, மரத்தை நீட்டி, துளையின் இடத்தை மாற்றி, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும்படி பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். கிராப்பு வைத்துக்கொண்டார். 1940இல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். வாய்ப்பாட்டுக்காரருக்குச் சமமான மேடையும் மரியாதையும் நாயனத்துக்கும் வேண்டும் என்று அடித்துக் கேட்டார். அன்றைக்கு அவர்தான் நவீனம். இன்று எவனாவது ஒரு பிள்ளை நாயனத்தோடு கீபோர்டு வைத்து வாசித்தால் முகம் சுளிக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். 2022இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைந்த அந்தக் கருவியே ஒருகாலத்தில் புதுமையாக வந்ததுதான்.

தவிலும் அப்படித்தான். தோல்வாரை இழுத்துக் கட்டி முறுக்கேற்றிய காலம் போய் இரும்பு வளையமும் போல்டும் வந்துவிட்டன. ஒத்து ஊதுகிறவர் இருந்த இடத்தில் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. தவில் மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒத்து போனதில் வருத்தம் உண்டு. ஒத்து என்பது ஒரு சிறுவன் செட்டுக்குள் நுழையும் வாசல். ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டு, வருஷக்கணக்கில் பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்வான். பெட்டி சுருதி தரும். அடுத்த நாயனக்காரனைத் தராது.

அந்தப் பொற்காலம் வாசித்தவர்களுக்குப் பொன்னாக இருந்ததா? சிவக்கொழுந்து என்ற நாயனக்காரர் செட்டிநாட்டில் ஓர் ஊர்வலத்தில் தோளில் துண்டு போட்டு வாசித்தார் என்பதற்காக, அதை எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதே, வாசி என்று சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரி பக்கத்தில் நின்றார். ராகத்துக்குத் தலையாட்டிய அதே ஊர்தான் துண்டுக்குச் சண்டை போட்டது. ஆயுளைப் பாருங்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஏறக்குறைய 55. ராஜரத்தினம் பிள்ளை 58. அவர் சீடர் காருகுறிச்சி அருணாசலம் நாற்பதைச் சற்றே தாண்டினார். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, தவிலில் இன்னொருவரைச் சொல்ல யோசிக்கவேண்டிய மனிதர், அவரும் அப்படித்தான். இரவெல்லாம் கேட்டோம், பகலில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டோமா? எனக்கு அந்தக் காலம் அப்படியே திரும்பவேண்டாம். அந்தக் காது மட்டும் திரும்பவேண்டும்.

இன்றைக்கு ஆள் இல்லையா? ஷேக் சின்ன மௌலானாவின் பேரர்கள் காசிமும் பாபுவும் இருக்கிறார்கள். ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி தம்பதிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இஞ்சிக்குடி சுப்பிரமணியம் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். இடும்பாவனம் பிரகாஷ் இளையராஜாவைக் கேளுங்கள், திருவாளப்புத்தூர் கலியமூர்த்தியின் தவிலைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து என்னிடம் ஆள் இல்லை என்று சொல்லுங்கள்.

கல்யாணத்தில் செண்டை மேளம் வைக்கிறார்களே என்று சிலர் கோபப்படுகிறார்கள். செண்டை பெரிய கலை. திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறை மேளம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கும். ஆயிரமாயிரம் பேர் கையை உயர்த்தித் தாளத்தோடு நின்று கேட்பார்கள். அதை இங்கே கொண்டுவந்து மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும் பத்து நிமிஷத்துக்கு அடிக்கவிட்டு அனுப்பிவிடுகிறோம். நாயனத்துக்குச் செய்த அதே தவறைச் செண்டைக்கும் செய்கிறோம்.

இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்றும் சொல்லாதீர்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, பறையும் கானாவும் ராப்பும் கலந்த அந்தப் பாட்டை நின்றே கேட்டுத் தீர்த்தவர்கள் இந்த வயதுப் பிள்ளைகள்தான். தங்களோடு பேசுகிற இசை என்று தெரிந்தால் அவர்கள் நகரமாட்டார்கள். நாயனம் நம்மோடு பேசும் என்று அவர்களுக்கு யார் சொன்னோம்?

சொல்லவேண்டிய ஊர் இது. தேவார மூவர் பாடுவதற்கு முன்பே பண்ணில் பதிகம் பாடியவர் நம் காரைக்கால் அம்மையார். அதனால்தான் அது மூத்த திருப்பதிகம். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடுவதைப் பாடும்போது சுரங்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார். வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை என்று ஒரு செட்டையே நிறுத்துகிறார். அவர் கேட்ட வரம் என்ன? நீ ஆடும்போது உன் திருவடியின் கீழ் இருந்து பாடிக்கொண்டிருக்கவேண்டும் என்பது. அந்த ஆட்டத்துக்கு முடிவு இல்லை. அவருக்கும் எழுந்து போகும் எண்ணம் இல்லை. அவருக்கு எடுக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வரும்போது மாடிக்கு மாடி நின்று மாம்பழம் வீசுகிறோம். அந்தப் பவழக்கால் சப்பரத்துக்கு முன்னால் வாசித்துப் போகிறவர்களின் முகத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

விழாக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற ஆண்டு ஒரே ஓர் இரவு, ஒரே ஒரு மூலை. மின்விளக்குத் தோரணம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். சாமியை அங்கே ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். நாயனக்காரர் போதும் என்று சொல்கிறவரை பல்லக்கு அசையவேண்டாம். திண்ணை வைத்த வீடு இப்போது அதிகம் இல்லை. பாய் நான் கொண்டுவருகிறேன்.

என் நேரம் முடிந்தது. தம்பி, இந்த மைக்கை எடுத்துவிடு. திறந்த வீதியில் நாலு தெரு தாண்டிக் கேட்க வந்த வாத்தியம் நாயனம். நாயனக்காரர் ஐயா, நீங்கள் மேடைக்கு வாருங்கள். கல்யாணி வாசிப்பீர்களோ, தோடி வாசிப்பீர்களோ, உங்கள் விருப்பம். இன்றைக்கு யாரும் உங்களுக்குச் சீட்டுக் கொண்டுவரமாட்டார்கள். நான் இந்த முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.