கோப்பியும் இருக்கையும்



கோப்பிக் கடையிற் புழங்கும் சில சொற்களை இன்று எடுத்துக்கொள்வோம். பல நாடுகளிற் கிளைபரப்பியிருக்கும் ஸ்டார்பக்ஸ், 1971 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே கோப்பிக் கொட்டை விற்கும் கடையாகத் தொடங்கியது. அதன் அலுவலராயிருந்த ஹவார்ட் ஷுல்ட்ஸ் 1983 இல் இத்தாலியின் மிலான் நகருக்குச் சென்றார். அங்கிருந்த எஸ்பிரெஸோக் கடைகள் அவரை மயக்கின. 1987 இல் நிறுவனம் அவர் கைக்கு வந்தது. அந்த மயக்கம் விலைப்பட்டியலில் இத்தாலியச் சொற்களாக ஏறியது.

அப்பட்டியலை வாசிப்பதே ஒரு பயிற்சிதான். 'டோல்' என்பது ஆங்கிலத்தில் நெட்டை. ஆனால் பலகையிற் சிறியது அதுவே: 12 அவுன்ஸ். இத்தாலிய மொழியிற் 'பெரியது' எனப் பொருள்படும் 'கிராண்டே' 16 அவுன்ஸுடன் நடுவிலே நிற்கிறது. 'வென்டி' என்றால் இருபது. சூடான பானத்துக்கு அது பொருந்தும். குளிர்ந்த பானத்துக்கோ அதே 'இருபது' 24 அவுன்ஸ் ஆகிவிடுகிறது! 8 அவுன்ஸில் 'ஷோர்ட்' என ஒன்றும் உண்டு. பலகையில் அதைக் காண்பது அரிது. சூடான பானத்துக்கு வாய்விட்டுக் கேட்டால் தருவார்கள். கோப்பியின் சுவையை விரும்புவோருக்கு ஏற்றது அதுதான். 'லாத்தே'யில் எட்டு அவுன்ஸுக்கும் பன்னிரண்டு அவுன்ஸுக்கும் ஊற்றும் எஸ்பிரெஸோ ஒரே அளவு; கூடுவது பால் மட்டுமே. இத்தாலியிற் போய் வெறுமனே 'லாத்தே' என்று கேட்டால் பாலைத்தான் கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

சொற்கள் கடல் கடந்தன, வழக்கம் கடக்கவில்லை. இத்தாலியர் பெரும்பாலும் நின்றபடியே எஸ்பிரெஸோவைக் குடித்துவிட்டு நடப்பர். மேசையில் அமர்ந்தால் பல கடைகளில் விலை கூடும். அமெரிக்கக் கடையோ மெத்தை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னது. வீடு முதலிடம், தொழில் இரண்டாமிடம், மனிதர் கூடிப் பேசுமிடம் மூன்றாமிடம் என்று சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989 இல் எழுதினார். அந்த மூன்றாமிடம் தானே என்று நிறுவனம் சொல்லிக்கொண்டது. இது முற்றிலும் புதியதன்று. 1652 இல் இலண்டனிற் கோப்பிக் கடை தோன்றிய பின்னர், ஒரு பென்னி கொடுத்து அமர்ந்து அறிஞர் பேச்சைக் கேட்கலாம் என்பதால் அத்தகைய கடைகள் 'பென்னிப் பல்கலைக்கழகம்' எனப் பெயர்பெற்றன.

ஆனால் அந்தப் பென்னியைக் கொடாதவன் நிலை என்ன? 2018 ஏப்ரலில் பிலடெல்பியா நகரின் ஸ்டார்பக்ஸ் கடையொன்றில் இரு கறுப்பின இளைஞர் ஒருவருக்காகக் காத்திருந்தனர். இன்னும் எதுவும் வாங்கவில்லை. கடையிலிருந்து பொலிசாருக்கு அழைப்புப் போயிற்று. இருவருக்கும் விலங்கு மாட்டினர். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. மே 29 ஆம் திகதி பிற்பகல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடி, ஊழியருக்கு இனப்பாகுபாடு பற்றிப் பயிற்சியளித்தது நிறுவனம். வாங்காதவரும் அமரலாம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு அந்த விதி மாற்றப்பட்டது. இருக்க வேண்டுமாயின் வாங்க வேண்டும்.

வாங்கினால் உட்காரலாம் என்பது வணிகத்துக்கு இயல்பே. அதைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் எதுவும் வாங்காமற் காத்திருப்போர் எல்லாக் கடைகளிலும் உண்டு. அவர்களிலே எவரைக் கண்டால் 'நண்பருக்காக இருக்கிறார்' என்று எண்ணுகிறோம், எவரைக் கண்டால் பொலிசாரை நினைக்கிறோம் என்பதிலேதான் வேறுபாடு பிறக்கிறது. அதை எந்த விலைப்பட்டியலும் எழுதிவைப்பதில்லை.

ஆகவே நேயர்களே, அத்தகைய கடைக்குச் செல்ல நேர்ந்தால் இத்தாலியச் சொல் வாயில் நுழையவில்லையே என்று கூச வேண்டாம். 'சிறியது ஒன்று' என்று சொன்னாலே போதும், விளங்கிக்கொள்வார்கள். அங்கேயே குடிப்பதாயிற் பீங்கான் கோப்பையிற் கேளுங்கள்; கடுதாசிக் கோப்பையிலும் அதிற் சுவை நன்று. பக்கத்து மேசையில் வெறுங்கையோடு ஒருவர் காத்திருந்தால், அவரும் உங்களைப் போல ஒருவரை எதிர்பார்த்திருப்பவர் என்றே எண்ணுங்கள்.