கடலாமை கற்பித்த பாடம்



நெடுந்தீவிற் பிறந்த நாங்கள் கடலாமையைக் கறிச்சட்டியிலேயே அறிந்தவர்கள். குறிகட்டுவானுக்கு வள்ளமேறி, யாழ்ப்பாணம், கொழும்பு கடந்து, தங்காலைக்கு அருகேயுள்ள ரெக்கவக் கடற்கரைக்குத் தொண்டு செய்யச் சென்றோம்.

வெளிச்சங் கண்டால் ஆமை கரையேறத் தயங்கும். ஆகவே விளக்கின்றிக் காத்திருந்தோம். நள்ளிரவில் பேராமையொன்று குழி தோண்டி, ஏறக்குறைய 100 முட்டைகளிட்டு, மணலால் மூடிவிட்டுக் கடல் புகுந்தது. குஞ்சுகள் வெளிவர இரண்டு மாதம் செல்லும்.

எங்களோடு காவலிருந்த முதியவர் ஒருகாலத்தில் அம்முட்டைகளை விற்றுப் பிழைத்தவராம். 1996இல் அங்கு தொடங்கிய திட்டம் முட்டை எடுத்தோருக்கே சம்பளங் கொடுத்துக் காவலராக்கிற்று.

சட்டம் ஆமைகளைக் காக்கின்றது. ஆனால் இரவில் கரையிற் காவல் நிற்பவன் மனிதனே. நமது தீவுகளிலும் கடற்றொழிலாளரைப் பழியாது, அவர்களுக்கு இவ்வழியைக் காட்டுவோம். அதற்குமுன் நமது வீட்டு அடுப்பிலிருந்து அந்தச் சட்டியை இறக்குவோம்.